புரட்டாசி மழைக்குப் பூக்கும் லில்லி: வேலூர் வீட்டுக்கு எந்தக் கிழங்கு?

ஆவணி பிறந்து சாயங்கால இடிமழை நாலு கொட்டியதும் வேலூர், காட்பாடிப் பக்கத்து நர்சரிகளில் ஆள் நடமாட்டம் கூடிவிடும். "ஒரு தடவை வச்சா வருஷா வருஷம் தானா பூக்கணும், அந்த மாதிரி கிழங்குச் செடி குடுங்க" என்று கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் அன்றைக்குக் கடையில் எது இருக்கிறதோ அதுதான் கிடைக்கும். லில்லி என்ற ஒரே பேரில் ஒன்றுக்கொன்று நேர் எதிரான குணமுள்ள நாலைந்து செடிகள் விற்கின்றன. ஒன்று தண்ணீர் தேங்கினால் குஷியாக வளரும். இன்னொன்று இரண்டு நாள் தேங்கினாலே அழுகும். ஒன்று ஆண்டு முழுக்கப் பச்சையாக நிற்கும்; இன்னொன்று தை மாதத்தில் காய்ந்து மண்ணுக்குள் போய்விடும், அப்போது அதற்குத் தண்ணீர் காட்டவே கூடாது. வீட்டில் உள்ள எல்லாச் செடிக்கும் ஒரே டியூப்பைப் பிடித்துத் தினமும் தண்ணீர் விடும் வழக்கம் இருந்தால், இரண்டாவது ரகம் பிழைக்காது.

அதனால் எந்தப் பூ அழகு என்று பார்ப்பதற்கு முன் மூன்று கேள்விக்குப் பதில் வேண்டும். நடப்போகும் இடத்தில் ஐப்பசி மழைத் தண்ணீர் நிற்குமா, வடியுமா? தை முதல் வைகாசி வரை அந்த இடத்தைக் காய விட முடியுமா? கையில் கிடைத்ததை வாயில் வைக்கும் வயதுக் குழந்தையோ, அவிழ்ந்து திரியும் ஆடு மாடோ வீட்டில் உண்டா? இந்த மூன்றிலேயே பாதி முடிவு வந்துவிடும்.

நம்ம ஊர்ப் பருவம் ஒரு விதத்தில் இந்தச் செடிகளுக்குத் தோதானது. பழைய வட ஆற்காடு மாவட்டத்தின் பெரும்பகுதி தென்மேற்குப் பருவத்திலும் வடகிழக்குப் பருவத்திலும் ஏறத்தாழச் சரிபாதியாக மழை பெறுகிறது. ஆடியிலிருந்து இடிமழை, ஐப்பசி கார்த்திகையில் அடைமழை. நடுவில் பத்துப் பதினைந்து நாள் வெயில் காய்வதும் உண்டு. காய்ந்து நனைந்தால் பூக்கும் கிழங்குகளுக்கு இதைவிட என்ன வேண்டும்? இடைஞ்சல் இரண்டுதான்: 40 டிகிரியைத் தாண்டும் மே மாத வெயில், உப்பும் சுண்ணாம்பும் கலந்த போர் தண்ணீர்.

படத்தைப் பார்த்து வாங்கக் கூடாதவை

வெளிநாட்டுத் தோட்டப் படங்களில் இலையே இல்லாமல் தண்டு மட்டும் நீண்டு சிவப்பாகப் பூக்கும் ஒரு செடியைப் பார்த்திருப்பீர்கள். அது லைகோரிஸ். ஜப்பானில் செப்டம்பர் கடைசியில் வயல் வரப்பெல்லாம் சிவக்கப் பூப்பது அதுதான். அதோடு நெரைன், கோல்ச்சிகம் என்ற இலையுதிர்காலக் கிழங்குகளும் ஆன்லைனில் விற்பனைக்கு வருகின்றன. கோல்ச்சிகத்துக்குக் குளிர் வேண்டும். ஜனவரி இரவிலும் 18 டிகிரிக்குப் பக்கத்தில் நிற்கும் வேலூரில் அதற்கு வேலையில்லை. தென்னாப்பிரிக்கச் செடியான நெரைனுக்கும் நம்ம கோடை கூடுதல். லைகோரிஸ் குளிர்ந்த இடத்திலேயே இடம் மாற்றினால் ஓரிரண்டு வருடம் கோபித்துக்கொண்டு பூக்காமல் நிற்கும் ஜாதி. இங்கே இலை விட்டாலும் பூவை நம்பிப் பணம் போடுவதற்கில்லை. சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் உள்ள ஏலகிரியில் வீடு இருந்தால் இரண்டு கிழங்கு வைத்துச் சோதித்துப் பார்க்கலாம். சத்துவாச்சாரி மொட்டை மாடியில் வேண்டாம்.

இன்னொரு ஏமாற்றும் உண்டு. சிவப்பு ஸ்பைடர் லில்லி என்று சொல்லி, பந்து போல உருண்டையாகப் பூக்கும் ஃபுட்பால் லில்லிக் கிழங்கை அனுப்பிவிடுவார்கள். அது நல்ல செடிதான், இங்கே நன்றாகவும் வரும். ஆனால் பூப்பது சித்திரை, வைகாசியில். புரட்டாசிக்குப் பூ கேட்டவருக்கு அது உதவாது.

மீதி நிற்பவை நான்கு: மழை லில்லி, செங்காந்தள், வெள்ளை ஸ்பைடர் லில்லி, விஷமூங்கில் (மூங்கில் அல்ல, கிரைனம் லில்லி). இதில் செங்காந்தளைத் தாவரவியல்படி குமிழ்க்கிழங்கு என்று சொல்ல முடியாது, அது விரல் மாதிரி நீண்ட கிழங்கு. ஆனால் வீட்டுத் தோட்டக் கணக்கில் அதையும் சேர்க்காமல் இந்த ஒப்பீடு நிறைவாகாது.

மழை லில்லி: தொட்டிக்கு முதல் தேர்வு

மூன்று நிறத்தில் கிடைக்கிறது, மூன்றும் ஒரே மாதிரி அல்ல. வெள்ளைப் பூ பூப்பது செஃபிராந்தஸ் கேண்டிடா. இலை வெங்காயத்தாள் போல உருண்டு ஒல்லியாக இருக்கும், ஆண்டு முழுக்கப் பச்சை. தென்னமெரிக்காவின் லா பிளாட்டா ஆற்றங்கரைச் செடி என்பதால் ஈரத்துக்கு அஞ்சாது. நாலில் உண்மையிலேயே ஆவணி முதல் கார்த்திகை வரை பூப்பதையே முக்கியக் காலமாக வைத்திருப்பது இதுதான். இளஞ்சிவப்புப் பெரிய பூ கேரினேட்டா. இது கோடை மழைக்கே பூக்க ஆரம்பித்துவிடும், புரட்டாசியில் அதன் வேகம் கொஞ்சம் குறைந்திருக்கும். மஞ்சள் சிட்ரினா. தானே விதை பிடித்துப் பக்கத்துத் தொட்டியெல்லாம் முளைக்கும், சிலருக்கு அது சந்தோஷம், சிலருக்குக் களை. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் வெள்ளையை வாங்குங்கள். மேகமூட்டமான நாளில் அது முழுதாக விரியாது என்பது ஒன்றே அதன் குறை.

தொட்டி ஆழமாக இருக்க வேண்டியதில்லை, அகலம்தான் வேண்டும். 10 அங்குல வாயுள்ள தொட்டியில் 12 கிழங்கு வைக்கலாம். நெருக்கமாக இருந்தால்தான் பூவும் கூடும். கிழங்கின் கழுத்து மண் மட்டத்துக்குச் சரியாக இருக்க வேண்டும். அடிப்பகுதி 3 சென்டிமீட்டர் ஆழத்தில் போனால் போதும். 'கிழங்குதானே' என்று கை ஆழத்துக்குப் புதைத்துவிட்டு அந்த வருடம் இலை மட்டும் பார்ப்பவர்கள் நிறையப் பேர்.

மண் கலவை: செம்மண் 2 பங்கு, மணல் 1 பங்கு, மக்கிய தொழு உரம் 1 பங்கு. ஆற்று மணல் இப்போது சுலபத்தில் கிடைக்காது, எம்-சாண்ட் போதும். ஆனால் எம்-சாண்டை அப்படியே கொட்டாமல் வாளியில் போட்டு இரண்டு முறை கலக்கி, மேலே மிதக்கும் சாம்பல் நிறத் தூளை ஊற்றிவிட்டுச் சேர்க்க வேண்டும். அந்தத் தூள்தான் அடியில் படிந்து ஓட்டையை அடைக்கும். தென்னை நார்க்கழிவை நிறையச் சேர்ப்பது நல்லதல்ல. மழைக்காலத்தில் அது ஈரத்தை விடவே விடாது. பூவுக்கு வேண்டியது காய்ந்து நனையும் மாற்றம், அந்த மாற்றம் நடக்காமல் போய்விடும்.

மாற்றத்தை நாமே ஏற்படுத்தவும் முடியும். ஆவணியில் தொட்டியை இறவாணத்துக்கு உள்ளே, மழை படாத ஆனால் வெயில் படும் இடத்தில் இரண்டு வாரம் வைத்துத் தண்ணீரைக் குறையுங்கள். இலை லேசாகத் துவளும் வரை போகலாம். வெள்ளை ரகத்தை மட்டும் அதற்கு மேல் காயவிடாதீர்கள். நல்ல மழை வரும் அன்று வெளியே எடுத்து வையுங்கள். நாலாம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள் மொட்டு எழும். ஒரு பூவின் ஆயுள் இரண்டு நாள், ஒரு தொட்டியின் அலை நாலைந்து நாளில் முடிந்துவிடும். பிறகு அடுத்த மழைக்கு அடுத்த அலை. மழையே இல்லையென்றால் வாளித் தண்ணீரை ஒரே மூச்சில் ஊற்றி முழுக்க நனைத்தாலும் பூக்கும், ஆனால் எண்ணிக்கை குறையும்.

பூக்காமல் இலை மட்டும் வளர்ந்தால் காரணம் தேடிச் சிரமப்பட வேண்டாம். தினமும் ஐந்து மணி நேர வெயில் இல்லை, அல்லது யூரியாவோ கோழி எருவோ கூடிவிட்டது, அல்லது பிரித்து நட்டு ஒரு பருவம்கூட ஆகவில்லை. இந்த மூன்றுக்குள் ஒன்றாகத்தான் இருக்கும். ஆனி மாதத்தில் தொட்டிக்கு ஒரு கைப்பிடி மண்புழு உரமும் இரண்டு டீஸ்பூன் வேப்பம் புண்ணாக்கும் போதும். ஆவணியில் ஒரு முறை லிட்டருக்கு 2 கிராம் சல்ஃபேட் ஆஃப் பொட்டாஷ் கரைத்து ஊற்றலாம். எல்லாரும் சொல்லும் எலும்புத்தூள் இங்கே பெரும்பாலும் வீண் செலவு. அமில மண்ணில்தான் அது கரைந்து வேருக்குப் போகும், நம்ம சுண்ணாம்புத் தண்ணீர் பாயும் மண்ணில் அப்படியே கிடக்கும். அடுப்புச் சாம்பலும் அதே காரணத்தால் வேண்டாம்.

இரண்டு மூன்று வருடத்தில் தொட்டி நிறைந்து கிழங்குகள் மேலே துருத்திக்கொண்டு வரும். மாசியில் கொட்டிப் பிரித்தால் ஒன்று நாலாகியிருக்கும். ஆனி ஆடியில் பிரித்தால் அந்தப் பருவத்துப் பூவை இழக்க நேரிடும்.

செங்காந்தள்: அழகும் ஆபத்தும் அதிகம்

தமிழ்நாட்டின் மாநில மலர். கண்வலிக்கிழங்கு, கலப்பைக்கிழங்கு, கார்த்திகைப்பூ என்று பல பேர். மற்ற மூன்றும் இதன் பக்கத்தில் நிற்க முடியாது என்பதில் சந்தேகமில்லை: பச்சையாக விரிந்து, மஞ்சளாகி, ஓரத்திலிருந்து சிவந்து, கடைசியில் முழுச் சிவப்பாகி ஒரு வாரத்துக்கு மேல் ஒரே பூ நிற்கும். வெவ்வேறு வயதுப் பூக்கள் ஒரே கொடியில் இருப்பதால் எல்லா நிறமும் ஒன்றாகத் தெரியும். மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் பக்கம் விதைக்காக ஏக்கர் கணக்கில் பயிரிடுகிறார்கள். விதையில் உள்ள கோல்ச்சிசின் மருந்து தயாரிக்கப் போகிறது.

அந்தக் கோல்ச்சிசின்தான் முதலில் பேச வேண்டிய விஷயம். கிழங்கு, இலை, பூ, விதை எல்லாவற்றிலும் உண்டு, கிழங்கில் உயிர்போகும் அளவுக்கு உண்டு. பார்க்கச் சர்க்கரைவள்ளி மாதிரி, பனங்கிழங்கு மாதிரி இருப்பதால் சமையல் கிழங்கென்று நினைத்துச் சாப்பிட்டு உயிரிழந்தவர்கள் உண்டு. சாப்பிட்ட உடனே ஒன்றும் தெரியாது, சில மணி நேரம் கழித்துத்தான் வாந்தியும் பேதியும் தொடங்கும். அதுவரை பார்ப்போம் என்று காத்திருக்கக் கூடாது. யாராவது தின்றுவிட்டார்கள் என்று தெரிந்தால் அறிகுறி வரும் முன்பே, கையில் மிச்சமிருக்கும் கிழங்கையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். பள்ளிக்கூடம் போகும் வயதுக்குக் கீழே குழந்தை உள்ள வீட்டில் இதை நடாமல் இருப்பதே நல்லது. நாலைந்து வருடம் தள்ளிப்போட்டால் ஒன்றும் குறைந்துவிடாது. குழந்தை இல்லாத வீட்டிலும் கிழங்கைச் சமையலறைப் பக்கம் வைக்காதீர்கள். பெட்டி மேல் விஷம் என்று பெரிதாக எழுதி மூடி வையுங்கள். தோண்டும்போதும் வெட்டும்போதும் கையுறை போடுங்கள்.

இந்தத் தடை இல்லாதவர்களுக்கு வளர்ப்பு முறை இது. கிழங்கு வி வடிவத்தில் இரண்டு கையாக இருக்கும். ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரே ஒரு முளைக் கண். அது ஒடிந்தால் அந்தக் கை உதவாது, எத்தனை பெரியதாக இருந்தாலும் முளைக்காது. 50 கிராமுக்கு மேல் எடையுள்ள கிழங்கே அந்த வருடம் நன்றாகப் பூக்கும், சுண்டுவிரல் அளவு கிழங்கு இலை காட்டிவிட்டுப் போகும். ஆனிக் கடைசியிலிருந்து ஆடிக்குள், படுக்கை வசமாக, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்தில் நடுங்கள். தரையில் 30 சென்டிமீட்டர் இடைவெளி. தொட்டி என்றால் ஆழமும் அகலமும் 12 அங்குலத்துக்குக் குறையாமல், ஒரு கிழங்கு போதும். முளை வர இரண்டு முதல் நாலு வாரம் ஆகும். பொறுமையில்லாமல் கிளறிப் பார்க்கும்போதுதான் கண் ஒடிகிறது.

முளைத்தபின் தண்டு ஒடிந்தாலும் பெரும்பாலும் அந்தப் பருவம் போனதுதான், பக்கக் கிளை வைத்துச் சமாளிக்கும் செடி அல்ல. அதனால் பந்தலை நடும் அன்றே கட்டிவிட வேண்டும். இலை நுனியே பற்றுக்கம்பியாகச் சுருண்டு பிடித்து ஏறும். பென்சிலைவிடப் பருமனான எதையும் அதனால் பிடிக்க முடியாது. மூங்கில் கழியை ஊன்றிவிட்டு ஏறவில்லை என்று குறைப்பட்டுக்கொள்ளக் கூடாது. கழிக்கு நடுவே சணல் கயிறோ, கோழிக்கூண்டு வலையோ, விளாறுகளோ கட்டினால் தானே 2 மீட்டர் ஏறும். கிராமத்து வீடுகளில் கிளுவை வேலியில் ஏற்றிவிடுவது எல்லாவற்றையும்விட நல்ல யோசனை: மெல்லிய கிளை, வடிகால், பாதி நிழல் மூன்றும் அங்கே இருக்கும்.

தண்ணீர்தான் இதன் பலவீனம். களிமண் தரையில் ஐப்பசி அடைமழையில் இரண்டு நாள் தண்ணீர் நின்றால் கிழங்கு அழுகும். இலை திடீரென்று கீழிருந்து மஞ்சளாகி, தண்டின் அடி கருத்தால் அதுதான். தொடக்கமாக இருந்தால் லிட்டருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு கரைத்து வேரில் ஊற்றிப் பார்க்கலாம், கருப்பு மேலே ஏறிவிட்டால் பிடுங்கி எறிவதுதான் வழி. தரையில் நடுபவர்கள் 20 சென்டிமீட்டர் உயர மேட்டுப் பாத்தி போட்டுவிட்டால் இந்தத் தொல்லையில் முக்கால்வாசி வராது. இலையில் பழுப்புப் புள்ளி விழுந்து பரவினால் மழை விட்ட நாளில் லிட்டருக்கு 2 கிராம் மேன்கோசெப் தெளிக்கலாம்.

நட்டு 60, 70 நாளில், அதாவது புரட்டாசிக் கடைசியில் முதல் பூ விரியும். நல்ல கொடியில் பத்துக்கு மேல் பூத்து ஐப்பசி முழுக்க ஓடும். விதைக்காக வளர்ப்பவர்கள் காலையில் கையால் மகரந்தம் சேர்க்கிறார்கள். வீட்டில் அதற்கு நேர்மாறாகச் செய்யுங்கள்: வாடிய பூவைக் காய் பிடிக்க விடாமல் கிள்ளிவிடுங்கள். காய்க்குப் போகும் சத்து கிழங்குக்குப் போகும், வெடித்த காயிலிருந்து எட்டிப் பார்க்கும் சிவப்பு விதை குழந்தை கண்ணிலும் படாது.

தீபம் முடிந்து இலை மஞ்சளானால் நோய் என்று மருந்தடிக்க வேண்டாம், தூங்கப் போகிறது என்று அர்த்தம். தண்ணீரை நிறுத்துங்கள். தையில் தண்டு காய்ந்து தானே கழன்றதும் தொட்டியை மழையும் டியூப் தண்ணீரும் படாத மூலைக்கு நகர்த்துங்கள். தரையில் உள்ளதை மாசியில் சுற்றிலும் தள்ளித் தோண்டி எடுத்து, காய்ந்த மணலில் புதைத்து நிழலில் வைக்கலாம். தாய்க்கிழங்கு சுருங்கிப்போய் அதன் இடத்தில் புது வி கிழங்கு இருக்கும். மே மாதத்தில் வெறும் தொட்டியாகக் கிடக்கிறதே என்று அதில் கீரை விதைப்பவர்கள் உண்டு. கீரைக்கு விடும் தண்ணீர் காந்தளுக்கு எமன். விஷக்கிழங்குள்ள மண்ணில் கீரை பறிப்பதும் புத்தியல்ல.

ஸ்பைடர் லில்லியும் விஷமூங்கிலும்

இவை இரண்டுக்கும் அதிகம் எழுத வேண்டியதில்லை, ஏனென்றால் அதிகம் கேட்காதவை. இரண்டும் கடற்கரைப் பக்கத்துச் செடிகள், உப்பைத் தாங்கும். வீட்டில் போர் தண்ணீரைத் தவிர வேறு வழியில்லை, அதுவும் பாத்திரத்தில் வெள்ளை படியும் தண்ணீர் என்றால் யோசிக்காமல் இவற்றுக்குப் போகலாம்.

வெள்ளை ஸ்பைடர் லில்லி தண்ணீர் தேங்கும் மூலைக்கு என்றே பிறந்த செடி. துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கம், மாடித் தண்ணீர் இறங்கும் குழாயடி, சமையலறைத் தண்ணீர் ஓடும் வாய்க்கால் ஓரம் எல்லாம் சரி. அரை மீட்டர் இடைவெளியில், கழுத்து மண்ணுக்கு மேல் தெரியும்படி நட வேண்டும். சாயங்காலம் விரியும், மணம் உண்டு. ஒரு தண்டில் எட்டுப் பத்து மொட்டு, ஒவ்வொன்றாக விரிவதால் ஒரு வாரம் ஓடும். மழைக்காலம் முழுக்கத் தண்டு விடும். ஒரே எச்சரிக்கை, மூன்று வருடத்தில் அந்த மூலையை முழுக்கப் பிடித்துக்கொள்ளும், தோண்டியெடுக்கக் கடப்பாரை வேண்டும்.

விஷமூங்கில் இன்னும் பெரிது. ஒரு மீட்டர் நீள இலை, ஒன்றேகால் மீட்டர் வட்டம் பிடிக்கும். தொட்டியில் வைப்பது அதற்கும் நமக்கும் தண்டனை. காம்பவுண்டு ஓரத்தில் 10 அடி நீளம் காலியாக இருந்தால் மூன்று செடி போதும், வருடம் முழுக்கப் பச்சைச் சுவர். பூ மழைக்காலத்துக்கு மட்டும் என்றில்லை, இடையிடையே வந்துகொண்டிருக்கும். ஆகவே ஐப்பசியில் திரண்டு பூக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கலாம். பேரிலேயே விஷம் இருப்பதை மறக்க வேண்டாம். இது மட்டுமல்ல, ஸ்பைடர் லில்லி, மழை லில்லிக் கிழங்கிலும் லைகோரின் என்ற நச்சு உண்டு, தின்றால் வாந்தி எடுக்கும். காந்தள் அளவுக்கு உயிராபத்து இல்லை என்றாலும் வெங்காயக் கூடைப் பக்கம் வைக்கக் கூடாத கிழங்குதான். ஆடு வளர்க்கும் வீட்டில் களையெடுத்த கிழங்கைக் குப்பையில் வீசாமல் புதைத்துவிடுங்கள்.

தண்ணீர்க் கணக்கு

ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பக்கம் தோல் பதனிடும் தொழிலால் நிலத்தடி நீரில் உப்பு ஏறியிருப்பது தெரிந்த கதை. மற்ற இடங்களிலும் போர் தண்ணீர் கடினத் தண்ணீர்தான். தொட்டி விளிம்பில் வெள்ளைப் பொருக்கு படிவது, மழை லில்லி இலை நுனி காய்ந்து பழுப்பாவது, புது இலை நரம்பு பச்சையாகவும் நடு மஞ்சளாகவும் வருவது மூன்றும் இதன் அடையாளம். கடைசியாகச் சொன்னது இரும்புச்சத்துக் குறை. லிட்டருக்கு 5 கிராம் ஃபெரஸ் சல்ஃபேட்டும் 1 கிராம் சிட்ரிக் அமிலமும் கரைத்து சாயங்காலம் இலையில் தெளித்தால் பத்து நாளில் நிறம் திரும்பும்.

ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று செடிக்கு ஊற்றும் பழக்கம் பரவிவிட்டது. மெஷின் பிரித்தெடுத்த உப்பு மொத்தமும் அதில்தான் இருக்கிறது. அதைக் கழிவறைக்கோ தரை கழுவவோ வைத்துக்கொள்ளுங்கள். மிஞ்சிப்போனால் விஷமூங்கிலுக்கு எப்போதாவது ஊற்றலாம், மழை லில்லிக்கும் காந்தளுக்கும் கூடவே கூடாது. ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீர் இதற்கு நேர் எதிர், அதில் உப்பு கிட்டத்தட்ட இல்லை. அந்தக் குழாய்க்குக் கீழே ஒரு பக்கெட் வைத்துச் சேர்த்தால் இரண்டு மூன்று தொட்டிக்குப் போதும். மழைக்காலத்தில் தொட்டிகளைக் கூரைக்குக் கீழே ஒதுக்காமல் நாலு நல்ல மழையில் முழுக்க நனைய விட்டால் வருடத்து உப்பு கழுவிக்கொண்டு போய்விடும்.

புழு

நாலு செடிக்கும் பொதுவான எதிரி ஒன்றுதான், லில்லிப் புழு. கருப்பு உடம்பில் வெளிர்மஞ்சள் புள்ளி போட்டது ஸ்பைடர் லில்லி, விஷமூங்கில், மழை லில்லி மூன்றையும் தின்னும். கருப்பில் சிவப்பும் வெள்ளையும் கலந்தது காந்தளைக் கூட்டமாகத் தின்னும். ஆவணி தொடங்கி மழை ஓயும் வரை இதன் காலம். முட்டை இலை அடியில் கும்பலாக இருக்கும். பொரித்த புழு முதலில் இலைக்கு உள்ளே புகுந்து பச்சையைச் சுரண்டும், வெளியே காகிதம் போல வெளுத்த திட்டு மட்டும் தெரியும். அந்தக் கட்டத்திலேயே இலையைக் கிள்ளிச் சோப்புத் தண்ணீரில் போட்டால் கதை முடிந்தது. விட்டுவிட்டால் ஒரே வாரத்தில் கழுத்து வரை இறங்கி, கிழங்கைத் துளைத்து உள்ளே போய்விடும். வாரம் இரண்டு முறை இலை அடியைப் புரட்டிப் பார்ப்பதற்கு இணையான மருந்து இல்லை. மீறிப் போனால் லிட்டருக்கு 2 கிராம் பி.டி. (பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ்) பாக்டீரியாத் தூளை சாயங்காலத்தில் தெளியுங்கள். வெயிலில் தெளித்தால் அதன் வீரியம் போய்விடும். வேப்பெண்ணெய் 5 மில்லி, சோப்புக் கரைசல் 1 மில்லி லிட்டருக்குக் கலந்து தெளிப்பது சின்னப் புழுவுக்குக் கேட்கும், விரல் நீளப் புழுவுக்குக் கேட்காது. இலை முழுக்கப் போய்விட்டாலும் கிழங்கை அமுக்கிப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் கழுத்தோடு வெட்டிவிடுங்கள், மூன்று வாரத்தில் புது இலை வரும். காந்தளுக்கு அந்த வசதி கிடையாது, அதனால்தான் அதில் இன்னும் கவனம் வேண்டும்.

அப்படியானால் எது?

வாடகை வீடு, மொட்டை மாடி, தொட்டி மட்டுமே என்றால் வெள்ளை மழை லில்லி மூன்று தொட்டி. வீடு மாறும்போது கூடவே வரும், ஒரு வாரம் ஊருக்குப் போனாலும் சாகாது. குழந்தை உள்ள வீட்டுக்கும் இதுதான், தொட்டியைக் கைக்கு எட்டாத திண்டில் வைத்துவிட்டால் சரி. மாடி வெயிலில் மே மாதம் மட்டும் பச்சை நிழல்வலைக்குக் கீழே நகர்த்துங்கள். சிமெண்ட் தரைச் சூட்டில் கிழங்கு வெந்துவிடாமல் இரண்டு செங்கல் மேல் வையுங்கள்.

சொந்த வீடு, செம்மண் தரை, வேலியோ கம்பி கேட்டோ உண்டு, சின்னக் குழந்தை இல்லை என்றால் காந்தளை விட்டுவிடாதீர்கள். அந்த மண்ணும் ஐப்பசி மழையும் அதற்குத்தான். குடியாத்தம், ஒடுகத்தூர்ப் பக்கத்துச் சரளைச் செம்மண் அதற்கு நன்றாக ஒத்துவரும். பாலாற்றுப் படுகையை ஒட்டிய மணல் கலந்த தரையிலும் வடிகால் நன்றாக இருப்பதால் வரும், ஆனால் கிணற்று நீரில் உப்பு எவ்வளவு என்று முதலில் பாருங்கள். விரிஞ்சிபுரத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் மண், நீர்ப் பரிசோதனை பற்றி விசாரிக்கலாம். ஏரி மண் கொட்டி உயர்த்திய மனையாக இருந்தால் காந்தளை மேட்டுப் பாத்தியிலோ தொட்டியிலோதான் வைக்க வேண்டும். அந்த மனையில் மழைத் தண்ணீர் நிற்கும் பள்ளத்துக்கு ஸ்பைடர் லில்லி.

காந்தளும் மழை லில்லியும் இரண்டும் வேண்டும் என்பவர்கள் ஒரே பாத்தியில் சேர்த்து நடாதீர்கள். படத்தில் அழகாக இருக்கும். மாசியில் ஒன்றுக்குத் தண்ணீர் வேண்டும், இன்னொன்றுக்கு ஆகாது.

வாங்கும் காலமும் வேறு வேறு. மழை லில்லி, ஸ்பைடர் லில்லி எந்த மாதமும் பக்கத்து வீட்டிலேயே கேட்டு வாங்கிவிடலாம், பிரித்துக் கொடுக்க யாரும் தயங்க மாட்டார்கள். விலை கொடுத்து வாங்கினால் அமுக்கினால் கெட்டியாக உள்ள, கழுத்தில் வெள்ளைப் பஞ்சு போல மாவுப்பூச்சி இல்லாத கிழங்காகப் பாருங்கள். காந்தள் கிழங்கை மாசி முதல் ஆனிக்குள் வாங்கிவிட வேண்டும், பூத்த செடியை ஐப்பசியில் தொட்டியோடு வாங்கினால் இடமாற்றத்தில் தண்டு ஒடிவது வழக்கம். ஜவ்வாது மலைக் காட்டில் தோண்டியது என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள், பயிரிட்ட கிழங்கே தாராளமாகக் கிடைக்கிறது. பார்சலில் வரவழைத்தால் பிரித்த உடனே இரண்டு நுனியையும் பாருங்கள்: வெளிறிய சின்னக் கூம்பு போல முளைக் கண் தெரிய வேண்டும். அது உடைந்து தழும்பாக இருந்தால் படம் எடுத்து அன்றைக்கே திருப்பிக் கேளுங்கள், நட்டுவிட்டுக் கேட்டால் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.